ஆடிட்டர் வண்டி

ஒரு வண்டிக்கு மவுசு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள என் மாமா எந்தப் பத்திரிகையும் படித்ததில்லை. காலையில் கடையைத் திறந்ததும் வெளியே வந்து, தலையைச் சாய்த்து ஷோரூம் கண்ணாடியைப் பார்ப்பார். முந்தின நாள் மாலை காலேஜ் பையன்கள் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்த தடமெல்லாம் இளவெயிலில் வட்டவட்டமாகத் தெரியும். துணியும் வாளியுமாக நிற்கும் பெண்மணியிடம், "இரும்மா, எண்ணிட்டுத் துடைக்கலாம்" என்பார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கடையும் பேச்சும் அவருடையது. கல்லா அக்காவுடையது. வண்டியை ஓட்டிக் காட்டுவது, சாவி கொடுப்பது, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது என்னுடையது. அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தையல் மெஷின் விற்ற இடம் அது. மாமா தலையெடுத்ததும் மெஷின்களையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, கீழே கார் ஏஜென்சி வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி புதுசாக ஒரு வண்டி இறக்கியது. இரண்டே கதவு, தரையை மோந்து பார்க்கிற மூக்கு, பின்னால் துடுப்பு மாதிரி ஒரு தகடு. கம்பெனி வைத்த பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பையன்கள் ஒரே நாளில் அதற்குச் 'சுறா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் தலையில் ஆறு சுறாவைக் கட்டிய கம்பெனி, கூடவே ஒரு நிபந்தனையையும் கட்டியது. வருஷ முடிவுக்குள் ஆறும் போகவேண்டும், போகாவிட்டால் ஏஜென்சி எதிர்க்கடைக்குப் போய்விடும்.

"மாடியில இருக்கற மெஷினுக்கெல்லாம் எண்ணெய் போட்டு வைக்கட்டுமா?" என்று அக்கா தினமும் கேட்பாள்.

"கண்ணாடியப் பாருடி. மூக்கு வந்தாச்சு. பர்ஸு பின்னாடியே வரும்" என்பார் மாமா.

அவர் சொன்னதும் பொய்யில்லை. அப்பாவைச் சரிக்கட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப்போன பையன்களே எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். நானும் மனசுக்குள் ஒரு சுறாவுக்குத் துண்டு போட்டு வைத்திருந்தேன். சிவப்புச் சுறா. கடை சாத்தியபிறகு அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருப்பேன். நாற்பத்து மூன்று வயதில் மனுஷனுக்கு அப்படிச் சில வியாதிகள் வரும்.

அப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் ஆடிட்டர் கடைக்குள் வந்தார்.

ஆடிட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடவேண்டும். தங்கமான மனுஷர். ஒரு தப்புத் தண்டா கிடையாது. கழுத்துவரை பட்டன், கையில் குடை, மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட். ஆனால் அவர் வாங்கிய வண்டி எதுவும் அதன்பிறகு உருப்பட்டதில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடும், மவுசுதான் செத்துப்போகும். ஒரு காலத்தில் ஊர்ப் பையன்களெல்லாம் சதுரமாக ஒரு ஜீப்புக்கு உயிரை விட்டார்கள். ஆடிட்டர் ஒன்று வாங்கி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்து மாட்டினார். அவ்வளவுதான், ஜீப் படுத்துவிட்டது. அப்புறம் நீள மூக்கு வைத்த ஒரு கார் வந்தது. அதன் சீட்டு முதுகில் ஆடிட்டர் டர்க்கி டவலைப் போர்த்தினார், பின்கண்ணாடி ஓரம் டிஷ்யூ பெட்டியை வைத்தார், வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டது போட்டபடி ஊரையே சுற்றினார். வீட்டுக்கு வீடு அப்பாக்கள், "பாருடா, என்ன லட்சணமான வண்டி, வாங்கினா அதுமாதிரி வாங்கணும்" என்றார்கள். அப்பன் வாயால் நல்ல பேர் வாங்கிய வண்டியை எந்த மகன் தொடுவான்? நீள மூக்குக்காரை விற்றுக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரர் அந்த வருஷம் பாதி உடம்பாகிப் போனார்.

அந்த ஆடிட்டர்தான் இப்போது சாம்பல் நிறச் சுறாவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, குடையால் டயரை மெதுவாகத் தட்டி, "இது என்ன விலை?" என்றார்.

மாமா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "மாப்ளே, இவர் மட்டும் வாங்கிட்டார்னா மிச்சம் அஞ்சும் பிணம். எப்படியாவது கிளப்பி அனுப்பணும்."

"வித்துதான் பழக்கம். விக்காம இருக்கறது எப்படி மாமா?"

"நீ வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

என் மாமா தன் சரக்கைத் தானே மட்டம் தட்டியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மனுஷனுக்கு வாயே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சார், உண்மையச் சொல்லிடறேன். ரெண்டே கதவு. பின்னாடி ஏறி உக்கார்றதுக்குள்ள இடுப்பு போயிடும்."

"நல்லதாப் போச்சு. சொந்தக்காரங்க எவனும் வழியில இறக்கி விடச் சொல்லமாட்டான்."

"டிக்கியில ஒரு பெட்டி வைக்க முடியாது சார்."

"வீட்டுல கடைக்குப் போனா கொஞ்சமா வாங்குவாங்க."

"தரையோட தரையா இருக்கும். ஏறி இறங்கினா முட்டி கழண்டுடும்."

"டாக்டரு தினமும் உக்காந்து எந்திரிக்கச் சொல்லியிருக்காரு. தனியா செய்யச் சோம்பலா இருக்கு."

மாமா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சத்தம் சார்! உள்ள உக்காந்தா பக்கத்துல பேசறது காதுல விழாது."

ஆடிட்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் முகத்தில் முதல்தடவையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. "எங்க வீட்டம்மா பக்கத்துல உக்காருவாங்க" என்றார்.

கல்லாவில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாமா நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, இனி விலைதான் வழி என்று முடிவுகட்டினார். "பலகையில எழுதியிருக்கறது பழைய விலை சார். இப்ப ஏறிப்போச்சு. அதுக்கு மேல பாதி."

ஆடிட்டர் குடையை எடுத்தார். திரும்பினார். வாசலைப் பார்த்து நடந்தார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். மாமா செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான், சும்மா நிற்பது. இன்னும் நாலு எட்டு வைத்தால் ஆடிட்டர் தெருவில் இருப்பார், ஆறு சுறாவும் பிழைக்கும். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. வாங்குகிற எண்ணத்தோடு வந்தவனை நிலைப்படி தாண்டவிட்டதாக அவர்கள் குடும்பத்தில் சரித்திரமே கிடையாது. அவருடைய தாத்தா உயிர் போகிற நேரத்தில்கூட, பார்க்கவந்த ஒருவர் கிளம்பியபோது கையைத் தூக்கி 'நில்லுங்க' என்று ஜாடை காட்டினாராம். ஆடிட்டரின் செருப்பு நிலையைத் தொட்டது.

"சார்... சார்... நில்லுங்க!" என்றார் மாமா. "கோவிச்சுக்கிட்டா எப்படி? உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒரு நியாயமான விலை நீங்களே சொல்லுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பலகை விலை. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

"காலாவது சேத்துப் போடுங்க சார்."

"அரைக்கால்."

"போணி நேரத்துல... சரி, உங்க முகத்துக்காக. கையக் குடுங்க!"

குலுக்கிய கையோடு மாமா என் பக்கம் திரும்பினார். முகம் ஜொலித்தது. "பாத்தியாடா மாப்ளே? பலகை விலைக்கு மேல வித்துட்டேன்!"

அக்காதான் கல்லாவிலிருந்து நிதானமாகச் சொன்னாள்: "ரொம்ப சாமர்த்தியம். நான் மாடிக்குப் போயி எண்ணெய் போட்டுட்டு வர்றேன்."

மாமாவின் முகத்திலிருந்த ஜொலிப்பு அப்போதுதான் மெதுவாக இறங்கியது.

டெலிவரி எடுக்க ஆடிட்டர் நான்கு டர்க்கி டவலோடு வந்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப்போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். "அது இருக்கட்டும் தம்பி. அழுக்காகாது." மாமா கெஞ்சிப் பார்த்தார். "சார், அந்தத் துண்டு மட்டும் வேணாமே. சீட்டுக்குக் காத்து வரணும்." ஆடிட்டர் கேட்கவில்லை. துடுப்பைக் காட்டி, "இதுல குடைய மாட்டி வைக்கலாமா?" என்றார். மாமா உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

வலது இண்டிகேட்டர் மினுக்க மினுக்க, சைக்கிள்களெல்லாம் ஒதுங்கி முந்திப் போக, நடுரோட்டில் சுறா நீந்திப் போனது. காலேஜ் வாசலை அது கடந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். எழவு வீட்டில் நிறுத்துவதுபோல.

ஒரே வாரம். கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. துடைக்கவந்த பெண்மணி துணியை நனைக்காமலே நின்றாள். "எண்ண ஒண்ணும் இல்லீங்க முதலாளி" என்றாள். அப்பாவைச் சரிக்கட்டப் போன பையன்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அதுவும் டயருக்குக் காற்று பிடிக்க. "என்னப்பா, சுறா வேணாமா?" என்று கேட்டேன். "எதுண்ணே? ஆடிட்டர் வண்டியா?" என்றான்.

சுறா என்ற பெயர் அத்தோடு செத்தது. எதிர்க்கடைக்காரர் எங்கள் கடையைப் பார்த்துத் தன் வாசலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மாமா சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழுந்தார். மாடியில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது; அக்கா சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் மறுபடி ஒரு தடம் விழுந்தபோது மாமா அதை நம்பவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். மூக்கு இல்லை. மூக்கு படுகிற இடத்துக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கீறல்.

"மாப்ளே, இது என்னடா?"

"மூக்குக்கண்ணாடி மாமா."

பத்து மணிக்கு மூக்குக்கண்ணாடியே நேரில் வந்தது. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். உள்ளே வந்து குரலைத் தாழ்த்தி, "ஆடிட்டர் வாங்கின வண்டி இதுதானா?" என்றார். "அவரு ஒரு பொருள் வாங்கறார்னா நாலு கணக்குப் போடாம வாங்கமாட்டாரே."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். தையல் மெஷின் விற்ற பரம்பரை மாமாவின் முதுகுக்குள் நிமிர்ந்து எழுந்ததைக் கண்ணால் கண்டேன்.

"ரெண்டே கதவு சார்!" என்றார் மாமா, ஏதோ வரம் கிடைத்ததுபோல. "சொந்தக்காரன் ஒருத்தன் ஏறமாட்டான். டிக்கியப் பாருங்க, வீட்டுல கேட்டாக்கூட ரெண்டு பைக்கு மேல வாங்க முடியாது. முட்டிக்கு டாக்டரே சிபாரிசு பண்ற உயரம். அப்புறம் சத்தம்... அத நீங்க வீட்டம்மாவோட உக்காந்து கேக்கணும் சார்."

ஹெட்மாஸ்டர் வெள்ளை எடுத்தார். அவரைப் பார்த்துப் பல் டாக்டர், பல் டாக்டரைப் பார்த்து பேங்க் மேனேஜர். மருந்துக்கடைக்காரருக்குக் கருப்புதான் கிடைத்தது. ஒவ்வொரு வண்டிக்கும் மாமா நான்கு டர்க்கி டவல் இலவசமாகக் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை.

"காலமெல்லாம் தப்பான ஆளுங்க பின்னாடி ஓடியிருக்கேன்டா" என்றார் மாமா. "பையன் மூக்கைத்தான் வைப்பான். மவுசு போனப்புறம் வர்றவன்தான் பணத்த வைப்பான்."

மிச்சம் ஒன்று. சிவப்பு. கண்ணாடி போட்டவர்கள் யாரும் அதன் பக்கமே போகவில்லை. "சிவப்பெல்லாம் நமக்கு எதுக்கு" என்று நழுவினார்கள். பையன்களுக்கு அது ஆடிட்டர் வண்டி. வருஷமோ முடியப்போகிறது. எதிர்க்கடைக்காரர் நாற்காலியை இன்னும் நகர்த்தவில்லை.

மாமா என் தோளில் கை போட்டார். அவர் கை போட்டாலே எனக்குச் செலவு. "மாப்ளே, உனக்கு அதுமேல ஒரு கண்ணுன்னு எனக்குத் தெரியாதா? எடுத்துக்கோ. பலகை விலைக்கே தர்றேன்."

"மாமா, அது இப்ப ஆடிட்டர் வண்டி."

"அதனாலதான் பலகை விலை."

"சம்பளத்துல மாசாமாசம் புடிச்சுக்குவோம்" என்றாள் அக்கா. கூடப் பிறந்தவள் என்று பெயர்.

ஏஜென்சி தப்பித்தது. நான் சிவப்புச் சுறாவில் ஏறினேன். ஆடிட்டருக்கு முன்னால் கிடைத்திருந்தால் காலேஜ் வாசலில் ராஜா மாதிரி போயிருப்பேன். இப்போது அந்த வழியே போவதில்லை. என் மனைவி முதல் நாளே டேஷ்போர்டில் டிஷ்யூ பெட்டியை வைத்துவிட்டாள். "எல்லார் வண்டியிலயும் இருக்குதே" என்றாள்.

போன வாரம் சிக்னலில் நிற்கிறேன். பக்கத்தில் சாம்பல் நிறம் ஒன்று வந்து நின்றது. வலது இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் கண்ணாடியை இறக்கினார். எங்கள் முன்னால் ரோட்டைக் கடந்த காலேஜ் கும்பல், இரண்டு வண்டியையும் விளக்குக்கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனது.

"உங்களதயும் பாக்கலையா தம்பி?" என்றார்.

"இல்ல சார்."

"நானும் ஒவ்வொரு தடவையும் பசங்க ஆசைப்படறதப் பாத்துதான் வாங்கறேன். வாங்கி வெளிய எடுத்துட்டு வந்தா ஒருத்தன் திரும்பறதில்ல. என்ன மாயமோ தெரியல." கொஞ்ச நேரம் என் வண்டியின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் சிவப்புதான் கேக்கணும்னு வந்தேன். உள்ள வந்ததும் கூச்சமாப் போச்சு. சாம்பலச் சுத்திக்கிட்டே நின்னுட்டேன்."

அந்த நல்ல மனுஷரிடம் சாவியை அப்படியே நீட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"மாத்திக்கலாமா சார்?" என்றேன்.

அவர் கண் விரிந்தது. "நிஜமாவா?"

நாக்கு தானாகப் புரண்டது. எத்தனை வருஷம் அந்தக் கடையில் நின்றிருக்கிறேன். "சிவப்புக்கு டிமாண்ட் ஜாஸ்தி சார். மேல எவ்வளவு போட்டுத் தருவீங்க?"

ஆடிட்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. அவர் அவசரமே இல்லாமல் கண்ணாடியை மேலே ஏற்ற ஆரம்பித்தார். சாம்பல் சுறா மெதுவாக முன்னால் நகர்ந்தது.

"சார்... சார்... நில்லுங்க!" என்றேன்.