பதினேழாம் கம்பம்

எங்கள் ஓட்டச் சங்கத்தில் ஓடத் தெரிந்தவர்களைவிடப் பேசத் தெரிந்தவர்கள் அதிகம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து கிலோமீட்டர் பந்தயம். ஓடி முடிக்க அரைமணி, மிஞ்சினால் முக்கால்மணி. அதன்பிறகு பேக்கரிக்காரர் போடும் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, அந்த அரைமணியில் நடந்ததை இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். தரை ஒரு நூல் ஏறி இறங்கினாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனைப் போன வருடம் பிடித்துச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டார்கள் என்றாள் என் மனைவி. யார் குரங்கு, எது பூமாலை என்று கடைசிவரை சொல்லவில்லை.

வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். யார் எத்தனையாவதாக வந்தார் என்று ஒவ்வொரு மாதமும் சண்டை. எல்லோருக்கும் எண் போட்ட துணி தைத்துக் கொடுத்தேன். பாலத்தில் திரும்ப வேண்டியவர்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் நேராகப் போய்விடுவார்கள். அங்கே கொடியோடு ஓர் ஆளை நிறுத்தினேன். கடைசியாக வருகிறவர் தனியாக வரக்கூடாது, பின்னால் ஒருவர் கூடவே வரவேண்டும் என்று விதி போட்டேன். சலூன் வைத்திருக்கும் தலைவர் அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பன் ஆறிப்போகக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

கடைசியாக வருகிறவர் பெரும்பாலும் லாண்டரி அக்காதான். வயது ஐம்பத்தாறு. நான்கு வருடங்களுக்கு முன் ஒரே மாதத்தில் அவருடைய ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் விழுந்திருக்கிறது, அதாவது அவ்வளவு தாமதமாக முடித்திருக்கிறார். இருமல் இல்லை, வலி இல்லை. வயசாகிறது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவர் மட்டும் சந்தேகப்பட்டு டாக்டரிடம் போனார். நுரையீரலில் கட்டி. ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, நடந்து, ஓடி, போன மாதம் முப்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு வினாடியில் முடித்தார். நாற்பதுக்குள் வந்தது அதுதான் முதல்முறை. அதற்குச் சங்கம் கொடுத்த சான்றிதழ் அவர் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்கியது.

சட்டை வாங்கப் போனபோது ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஸ்கேன் வருஷத்துக்கு ஒருதடவை, தம்பி. உங்க பந்தயம் மாசாமாசம். அது டாக்டர் பாக்கறது, இது நான் பாக்கறது. மறுபடியும் ஒரு நிமிஷம் விழுந்துச்சுன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

இதைக் கேட்டவன் நான். இந்தக் காதால் கேட்டவன். நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

சங்கத்தில் ஒரு பல் டாக்டர் உண்டு. ஓடிய தூரத்தை அளக்கும் அவருடைய கைக்கடிகாரம் ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவாகவே காட்டும். மரங்கள் சிக்னலைத் தின்றுவிடுகின்றன என்று சொல்லி அவரை எல்லோரும் அடக்கிவிடுவார்கள். எனக்கு மட்டும் அது பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. ரோடு போடுகிற ஒரு காண்டிராக்டரிடம் அளவுச் சக்கரத்தை இரவல் வாங்கி, ஒரு வேலைநாளில் தனியாகப் போய் நாங்கள் ஓடும் வாய்க்கால் சாலை முழுவதும் உருட்டினேன். நாலாயிரத்து எண்ணூற்று அறுபது மீட்டர். இரண்டாம் தடவை உருட்டினேன். அதேதான்.

நூற்று நாற்பது மீட்டர் எங்கே போனது? தலைவர் அண்ணனிடம் பேச்சோடு பேச்சாகச் சங்கம் ஆரம்பித்தபோது எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'புறப்படும் இடம்: பதினேழாம் விளக்குக் கம்பம்.' நாங்கள் புறப்படுவதோ பதின்மூன்றாம் கம்பத்திலிருந்து; முடிக்கும் இடம் மட்டும் மாறவில்லை. கம்பத்துக்குக் கம்பம் முப்பத்தைந்து மீட்டர். கணக்கு நூல் பிடித்த மாதிரி சரியாக இருந்தது.

பழைய ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கிண்டியதில் கதை வந்தது. முதல் வருடம் பதினேழாம் கம்பத்தடியில் யாரோ மணல் கொட்டினார்கள். கோடு ஒரு கம்பம் முன்னே வந்தது. பதினாறாம் கம்பத்தில் ஒரு நாய் குட்டி போட்டது. தாய்க்குத் தொந்தரவு வேண்டாமே என்று இன்னொரு கம்பம். பதினைந்தில் வெயில், பதினாலில் நிழல். கடைசியாகப் பேக்கரிக்காரர் மேஜை போட வசதியாகப் பதின்மூன்று. மணலை அள்ளிவிட்டார்கள், குட்டிகளும் வளர்ந்து எங்கோ போய்விட்டன. கோட்டைத் திரும்ப எடுத்துப் போக மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் எல்லோருக்கும் வேகம் கூடிக்கொண்டே வந்த ரகசியம் இதுதான். இருபத்தைந்து நிமிடத்துக்குள் ஓடிவிட்டேன் என்று தலைவர் அண்ணன் அந்த எண்ணைப் பொறித்துக் கோப்பையே செய்து வைத்திருக்கிறார். சலூனில் அதில்தான் டீ குடிக்கிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே முடிவெடுத்துப் பழகியவள். நான் சொன்ன திட்டம் இது: யாரிடமும் சொல்லாமல் கோட்டைப் பதினேழாம் கம்பத்துக்குக் கொண்டுபோய்விடுவது. பேக்கரிக்காரர் மேஜையையும் அங்கேயே போடச் சொல்லிவிட்டால் கூட்டம் தானாக மேஜைக்குப் பின்னால் போகும். பந்தயமும் சரியாகிவிடும், யார் மனமும் நோகாது.

"சொன்னா சொல்லுங்க, இல்ல அப்படியே விடுங்க," என்றாள். "ரெண்டுங்கெட்டானா மட்டும் எதுவும் பண்ணாதீங்க."

நான் ரெண்டுங்கெட்டானாகத்தான் பண்ணினேன்.

திட்டம் கச்சிதமாக வேலை செய்தது. மேஜை எங்கேயோ கூட்டமும் அங்கே. கம்பத்தின் எண்ணை அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அன்றைக்கு எல்லோருமே அரை நிமிடம், ஒரு நிமிடம் பின்தங்கினார்கள். காற்றில் ஈரம் அதிகம் என்றார் தலைவர் அண்ணன். புது ஷூ கடிக்கிறது என்றார் இன்னொருவர். பல் டாக்டர் மட்டும் கடிகாரத்தையும் மரங்களையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. என் வாழ்நாளில் ஒட்டிய தரைகளிலேயே மிக நேரான தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் போல நின்றேன்.

லாண்டரி அக்கா கடைசியாக வந்தார். நாற்பத்தொரு நிமிடம் ஐந்து வினாடி என்று படித்தேன். இன்னொருதடவை சொல்லு என்றார். சொன்னேன். எண் துணியைக் கழற்றி, நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வழக்கமாக அதைத் துவைத்துப் போட வீட்டுக்கு எடுத்துப் போகிறவர். பன் கூட வாங்கவில்லை. அப்போதும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மனைவி பேருந்துத் திரைச்சீலைகளைச் சலவைக்குப் போட்டுவிட்டு வந்தாள். சாவியை மேஜைமேல் வைத்தாள், உட்காரவில்லை.

"அக்கா கடையில போர்டு வச்சிருக்காங்க. இந்த மாசத்தோட மூடறாங்களாம். பொண்ணை ஊர்லேருந்து வரச் சொல்லியிருக்காங்க, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக."

நான் வேன் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

"தரையை நேராக்கிட்டீங்க," என்றாள். "ஆளைக் கவுத்துட்டீங்க."

வேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்ல மத்தியானம். கடை முழுக்க ஆவி. அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கல்லாவுக்கு மேலே சான்றிதழ் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்: சக்கரம், கம்பங்கள், மணல், நாய்க்குட்டி, மேஜை. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னாடி."

"நான் சொன்னது ஞாபகம் இருந்துச்சா? ஒரு நிமிஷம் விழுந்தா எனக்குத் தெரிஞ்சிடும்னு?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கோடு ஞாபகம் இருந்தது, ஆள் ஞாபகம் இல்லை.

அவர் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு பேசினார், குரலை உயர்த்தாமல்.

"பத்து நாளா நான் தினம் செத்துப் பிழைக்கிறேன். இந்தக் கடையை யார்கிட்ட விடறதுன்னு யோசிச்சிருக்கேன். எம்பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்திருக்கேன். நீ பண்ணது அது. ஆனா உங்க சங்கம் பண்ணது இன்னும் மோசம். நாலு வருஷம் முன்னாடி நான் விழுந்த அந்த மாசம், எவனாவது நிழல் வேணும்னு கோட்டை ரெண்டு கம்பம் நகர்த்தியிருந்தா? தூரம் குறைஞ்சு நேரம் சரியா வந்திருக்கும், எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சந்தோஷமா பன் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

அந்த நாய்க்குட்டிக் கதையைச் சிரித்துக்கொண்டே இரண்டு பேரிடம் கேட்டு ரசித்தவன் நான்.

"சக்கரம் இருக்கா?" என்றார்.

வேனில் இருந்தது. கடை வாசலிலிருந்து தெருவில் உருட்டச் சொன்னார். நூற்று நாற்பது மீட்டர் சரியாக மருந்துக்கடைப் படியில் முடிந்தது. அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டுத் திரும்பியபோது, யாரும் திரும்ப வந்து வாங்காத துணிகள் கிடக்கும் பெட்டிக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றியிருந்த தன் ஷூவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஷூவையும் மாட்டினார்.

நான் கடிகாரத்தைத் தயாராக வைத்தேன். அவர் கையை அசைத்தார். "இரு. களைக்காத காலோட ஓடினா கள்ளக்கணக்கு. முதல்ல களைக்கணும்."

கட்டடத்தைச் சுற்றி ஓடப் போனார். வேலை செய்கிற உடுப்போடு, பையில் சாவிக்கொத்து குலுங்க, ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து என்ன என்று சைகையில் கேட்டார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். எட்டாவது சுற்றில் முகம் சிவந்து மூச்சு இரைக்க வாசலுக்கு வந்தவர், நிற்காமலே இப்போ போடு என்றார். போட்டேன். அவர் பந்தயத்தில் ஓடுகிற அதே ஓட்டம்தான்: தோள் கொஞ்சம் வலப்பக்கம் சாய, சின்னச் சின்ன எட்டு. மருந்துக்கடைப் படியைத் தொட்டபோது ஒரு நிமிடம் ஒன்பது வினாடி.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவரே கூட்டினார். முப்பத்தொன்பது நாற்பத்தெட்டோடு ஒரு நிமிடம் ஒன்பது. நாற்பது ஐம்பத்தேழு. அதற்குக் கீழே நாற்பத்தொன்று ஐந்து என்று எழுதிக் கழித்தார். பென்சில் அங்கேயே நின்றது.

"எட்டு," என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். எட்டுதான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, துவைத்த துணி ஒன்றை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

கண்ணைத் துடைத்ததும் உத்தரவுகள் வந்தன. அடுத்த பந்தய ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நானே சொல்ல வேண்டும், தலைவர் கோப்பையைத் தூக்கி எறிந்தாலும் சரி. பதினேழாம் கம்பத்தடியில் யாராலும் நகர்த்த முடியாதபடி ஒரு கல்லை நான் என் கையால் பதிக்க வேண்டும். சான்றிதழில் ஐந்து கிலோமீட்டரை அடித்து, ஓடிய தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கேனுக்கு எப்படியும் போவாராம், மகளும் வரட்டுமாம், ஆனால் எப்போதும் போகிற மாதிரி.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். கதவில் மாட்டியிருந்த போர்டைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"எட்டு செகண்டுக்கா கடையை மூடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார்.