கொட்டகைக் கூழ்

டணார்!

மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்த சத்தத்தில் காளைகள் இரண்டும் துள்ளி நின்றன. அடுப்படியில் இருந்த சுந்தராம்பாள், "ஐயையோ, மாடு அவுத்துக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். அவளை முந்திக்கொண்டு ஓடினாள் மருமகள் பஞ்சவர்ணம்.

மாடு எதுவும் அவிழவில்லை. பித்தளை மூடி ஒன்று கல்தொட்டியில் மோதி விழுந்து, உருண்டு கொண்டிருந்தது. உறியிலிருந்து இறக்கிய கூழ்ப்பானையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார் விக்கிரமங்கலத்துப் பண்ணைக்காரர் சிவசுப்பிரமணியன். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற அந்தப் பெரிய மனிதரின் மீசை நிறையக் கம்பங்கூழ்.

மாமனாரும் மருமகளும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறு கணம் பஞ்சவர்ணம் பானையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் துண்டால் மீசையைத் துடைத்துக்கொள்ளவும், சுந்தராம்பாள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"என்னடி இது? வீராயி பானை உன் கையில?"

"கூழு குடிக்கணும்னு ஆசையா இருந்துச்சு அத்தை. நான்தான் எடுத்தேன்."

"அடிப்பாவி! ஊரே ரேஷன் அரிசிக்குக் கால்கடுக்க நிக்கிது. இங்க நெல்லுச் சோறு பொங்கி வழியுது. சாணி அள்ளுறவ பானையத் திருடிக் குடிச்சியா? புஞ்சைக் காட்டுப் புத்தி போகுமா?" சுந்தராம்பாள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறீங்களா?"

"மூடி விழுந்த சத்தம் கேட்டு வந்தேன்" என்றார் சிவசுப்பிரமணியன். கூழின் புளிப்பு இன்னும் நாக்கில் இருந்தது. பொய் அதைவிடப் புளித்தது.

பஞ்சவர்ணம் தலை நிமிரவில்லை.

"உங்கப்பன் வரட்டும். வந்து கூட்டிக்கிட்டுப் போயி, ரெண்டு வருஷம் வெச்சிருந்து புத்தி சொல்லி அனுப்பட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் சுந்தராம்பாள். அன்றைக்கே மருமகளின் பிறந்த ஊரான வேப்பந்தட்டைக்கு ஆளும் போயிற்று.

சிவசுப்பிரமணியனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இறங்காமல் போனதும் நல்லதுதான். அவருக்குச் சோறுதான் விஷம்.

சித்திரையில் காலில் முள் குத்திய புண் ஆடி வந்தும் ஆறவில்லை. அரியலூர் டாக்டர் பார்த்துவிட்டு, "நீரிழிவு முத்திப் போச்சு. நெல்லுச் சோறு, வெல்லம், பாயசம் எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுடுங்க. கம்பு, கேழ்வரகு, கீரைன்னு அளவாச் சாப்பிடுங்க, நடங்க. இல்லேன்னா இந்தக் கால் முழங்காலோட போயிடும்" என்றார். மகன் கண்ணையன் அப்போது வாசலில் வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் காதில் விழுந்திருக்காது என்று நம்பி, வீட்டுக்கு வந்து, "டானிக் குடுத்திருக்காரு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரும்? கண்ணையன் கல்யாணத்தின்போது அவரே பேசிய பேச்சு குறுக்கே நின்றது.

பெண் வீட்டார் வேப்பந்தட்டைப் புஞ்சைக்காரர்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, சொந்தக் காட்டில் விளைந்த முதல் தானியத்தில் ஒரு மூட்டையைச் சீரோடு வைப்பது அவர்கள் வழக்கம். சம்பந்தி அய்யம்பெருமாள் அந்தக் கம்பு மூட்டையைத் தன் தோளிலேயே சுமந்து வந்து, மணவறைக்கு எதிரே இறக்கி வைத்தார். சிவசுப்பிரமணியன் பந்தலே கேட்கும்படி, "எங்க வூட்டுல இதை மாடுதான் திங்கும். கொட்டாயில கொண்டு போயிப் போடுங்கடா!" என்றார். பந்தல் சிரித்தது. அய்யம்பெருமாளும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. வெள்ளாமைக்கு வெள்ளாமை மாட்டுக்கென்று பருத்திக்கொட்டை மூட்டைகளை மட்டும் வண்டியில் அனுப்பிவைப்பார்.

அப்படிப் பேசிய வாய், 'எனக்குக் கம்பங்கூழ் கரைச்சுக் குடு' என்று மருமகளிடம் எப்படிக் கேட்கும்?

பசி மானத்தைப் பார்க்கவில்லை. சோற்றை ஒதுக்கிவிட்டு வெறும் வயிற்றோடு கிடந்த ஒரு நாள் கொட்டகைப் பக்கம் போனவர், வீராயியின் பானையைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். மறுநாளும் குடித்தார். அவள் பஞ்சவர்ணத்திடம், "சின்னம்மா, கூழுல நாய் வாய் வெக்கிது. பட்டினியோட களையெடுக்க முடியல" என்று அழுதது ஜன்னல் வழியே அவர் காதில் விழுந்தது. நாய்! உடம்பு கூசிப்போயிற்று. இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு போய்ப் பார்த்தால், உறியில் பானை முன்னைவிட நிறைந்திருந்தது. மோர் கூடுதல், உப்பு அளவு, பக்கத்தில் ஒரு கைச் சின்ன வெங்காயம். வீராயி நிறையவே கரைத்து வருகிறாள், கொஞ்சம் எடுத்தால் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கூலிக்காரியின் மண்பானைக்குப் பித்தளை மூடி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கூழும், வயல் வரப்பில் காலை நடையும் சேர்ந்து அவரைப் பிடித்து நிறுத்தின. புண்ணில் தோல் கட்டியது. இடுப்பு வேட்டி தளர்ந்தது. கால் பிழைத்துவிடும் போலிருந்தது. இந்த நேரத்தில்தான் மூடி விழுந்தது.

அய்யம்பெருமாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். இத்தனை காலம் கழித்து அந்தப் படியேறியவர், கூடத்தில் போட்ட பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுந்தராம்பாள் தண்ணீர்ச் செம்பை வைத்த கையோடு ஆரம்பித்தாள்.

"உங்க பொண்ணு செஞ்ச காரியம் தெரியுமா அண்ணே? கூலிக்காரி பானையில கூழு திருடிக் குடிச்சிருக்கா. வெளிய தெரிஞ்சா நாங்க எப்படி நடமாடுறது? கூட்டிக்கிட்டுப் போங்க."

அய்யம்பெருமாள் மகளைப் பார்த்தார். கதவோரம் நின்ற பஞ்சவர்ணம் மெல்லத் தலையாட்டினாள். அது 'சொல்லாதீங்கப்பா' என்பது போல இருந்தது.

"தப்புதான் தங்கச்சி. மன்னிச்சுக்குங்க. பெட்டியக் கட்டுறியா தாயி?" என்று அவர் எழுந்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அன்று பந்தலில் துடைத்த அதே மாதிரி.

சிவசுப்பிரமணியனால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. பஞ்சவர்ணம் போனால் பழி தீர்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மானம் தப்பும். அப்படி இருந்துவிடலாம் என்று அந்தக் கணத்திலும் ஒரு பக்கம் மனசு சொல்லியது. அந்த மனசை நினைத்தபோதுதான் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உக்காருங்க சம்பந்தி" என்றார். "வீராயி கூழைக் குடிச்சது நான்."

சுந்தராம்பாள் கையிலிருந்த விசிறி நின்றது. "என்னங்க சொல்றீங்க!"

"நான்தான். எனக்கு நீரிழிவு. நெல்லுச் சோறு தின்னா கால் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேட்டு வாங்கித் திங்க வெக்கமா இருந்துச்சு. அதான் பசியோட கெடந்தவ பானையில கைய வெச்சேன். பழிய இந்தப் புள்ள ஏத்துக்கிச்சு, நான் மரமாட்டம் நின்னேன்."

கதவோரத்திலிருந்து பஞ்சவர்ணம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மொத ரெண்டு நாள்தான் மாமா அது வீராயி கூழு. அப்புறம் அவளுக்கு அடுப்படியில சாப்பாடு போட்டுட்டேன். உறியில இருந்தது உங்களுக்குன்னு நான் கரைச்சு வெச்சது. டாக்டர் சொன்னதை அவுங்க வாசல்ல நின்னு கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொன்னாங்க."

சிவசுப்பிரமணியன் மருமகளைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தார். "இந்த வூட்டுக்குள்ளதான் கம்பே நுழையாதே. ஏதும்மா உனக்கு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அய்யம்பெருமாள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பருத்திக்கொட்டை மூட்டைக்குள்ள வெச்சு நான்தான் அனுப்பினேன் சம்பந்தி. 'மாட்டுக்குன்னு சொல்லி அனுப்புங்கப்பா, அப்பத்தான் மாமா உள்ள விடுவாரு'ன்னு பொண்ணு சொல்லிவுட்டுச்சு."