மஞ்சள் போடாத குழம்பு

மாதனூர் தேவகிக்குக் கர்ப்பமான மூன்றாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. கல்லீரலைத் தாக்கும் கிருமி, மஞ்சள் காமாலைகூட வரலாம் என்றார்கள். ஷூ கம்பெனி பஸ் ஓட்டும் அவள் கணவன் கோதண்டராமன் காதில் விழுந்தது ‘மஞ்சள் காமாலை’ மட்டும்தான்.

அன்று மாலையே அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வாங்கி வந்தான். காலையில் கீழாநெல்லி அரைத்துத் தானே குடித்தான். மஞ்சள் டப்பாவைப் பரண்மேல் ஏற்றினான். பருப்புக் குழம்பு பத்தியக் கஞ்சிபோல வெளுத்துப் போனது.

சில நாள் தேவகி பொறுத்துப் பார்த்தாள். தனியாகவே உட்கார்ந்து சாப்பிட்டாள். கடைசியில் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் நர்ஸ் ஜாஸ்மின் முன்னால் உட்காரவைத்தாள்.

“சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. என் தட்ட வெயில்ல காயவெக்கிறாரு.”

ஜாஸ்மின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “தட்டு, டம்ளர்ல இது தொத்தாது சார். ரத்தத்துல போவும், புருஷன் பொண்டாட்டிக்குள்ள போவும். பிரசவத்தப்ப கொழந்தைக்குப் போவும். அதத்தான் தடுக்கணும். பொறந்த உடனே ரெண்டு ஊசி, அப்புறம் மத்த தவணையும் போடணும்.”

“போடாம வுட்டா?”

“கொழந்தைக்கு வந்துட்டா காலத்துக்கும் கூடவே இருக்கும். மஞ்சள ஒளிச்சிவெச்சா போவாது.”

கோதண்டராமன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான். அன்றே அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை என்றதும் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இரவு அவள் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தான்.

“நவுந்து உக்காருங்க, கீழாநெல்லி நாத்தம் தாங்கல,” என்றாள் தேவகி.

பிரசவத்தன்று அவன் வேறு ஆளாக இருந்தான். லேபர் வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் எதிரே போய் நின்றான்.

“ஊசி போட்டாச்சா?”

“கொழந்தையே இன்னும் பொறக்கல சார்,” என்றாள் ஜாஸ்மின்.

வாட்ச்மேனிடம் கேட்டான். சாப்பாட்டு வண்டி தள்ளி வந்தவரிடமும் கேட்டான். ஒருவழியாக ஜாஸ்மின் வெளியே வந்து, அவன் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள். “பொண்ணு. ரெண்டு தொடையிலயும் போட்டாச்சு. போய் மொதல்ல பொண்டாட்டியப் பாருங்க.”

உள்ளே தேவகி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பதறினான். “பால் குடுக்கலாமா?”

“கேட்டுட்டேன். குடுக்கலாம். நீங்க வந்து அவ மூஞ்சியப் பாருங்க.”

பார்த்தான். 

ஒரு வயது தாண்டியதும் குழந்தைக்குப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை. மறுநாள் கோதண்டராமன் கம்பெனி பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் ஆற்காட்டு மக்கன் பேடா கொடுத்தான்.

“இன்னா விசேஷம்ணே?”

“எம் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல.”

யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் இன்னொரு பேடா கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.