வாசலில் இருந்த நரி

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவள் கைப்பிடியை இரண்டாம் முறை அழுத்தியதும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த 'டக் டக்' நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

"மாமா, அக்காவுக்குத் துணி மாத்தணும். பீரோ உள்ளதான இருக்கு."

"இதோ வரேம்மா."

வரவில்லை. கூடத்தில் அக்கா கிடந்தாள். விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வெந்நீரும் துண்டுமாகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும். பெண்டாட்டி செத்த அன்று எந்த மனுஷன் அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டுவான்?

அந்தத் தட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டே விரல், எழுத்தைத் தேடித் தேடி வைக்கும் குத்து. அக்கா தட்டினால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் அக்காவின் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. அதிலிருந்து அக்கா சொல்வாள், மாமா தட்டுவார்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக மற்றவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பியவர். கதைப் புத்தகம் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. "உன் நரிக்குப் பென்ஷன் எல்லாம் உண்டா?" என்று அக்காவைக் கேலி செய்வார்.

ஒரு பழைய சிறுவர் புத்தகத்தில் வரும் அந்த நரியைத் தெரியாதவர்கள் குறைவு. மழைக்கு அந்தப்பக்கம் ஒரு நாடு; நனையாமல் நடக்கத் தெரிந்த ஒரு சிறுமி; வழியில் அவளோடு ஒட்டிக்கொள்ளும் நொண்டி நரி. கடைசிப் பக்கத்தில் அந்த நாட்டின் வாசலில் சிறுமி அதை உட்காரவைத்து, "இங்கயே இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவாள். அத்தோடு கதை முடிந்துவிடும். அதை எழுதியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு தலைமுறைக் குழந்தைகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்தார்கள். அவளும் அக்காவும் ஒரே தலையணையில்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அக்கா, அந்த எழுத்தாளரின் வாரிசுகளிடம் அனுமதி வாங்கி அந்தக் கதையைத் தொடர்ந்தாள். அக்காவின் கதையில் அந்தச் சிறுமிக்கு நாற்பத்தெட்டு வயது. பஸ் ஓட்டுகிறாள். முழங்கால் வலி. மழை வந்தால் வைப்பரைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறாள். "எங்க பொண்ண ஏன் கிழவி ஆக்கினீங்க?" என்று திட்டிக் கடிதம் வந்தது. அடுத்த பாகம் எப்போது என்று கேட்டும் வந்தது. இரண்டு பாகங்கள் வெளியாகிவிட்டன. மூன்றாவதுதான் கடைசி. பஸ் ஓட்டுகிறவள் அந்த வாசலுக்குத் திரும்பிப் போகிற பாகம்.

கூடத்தின் மூலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பதிப்பாசிரியர் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இந்த நேரத்துல கேக்க வாயே வரல. கேக்கவும் இல்ல. ஆனா உங்க மாமா நேத்து அவரே போன் பண்ணாரு. கடைசி அத்தியாயம் இப்பதான் முடிஞ்சுது, நாளைக்கு அனுப்பறேன்னாரு."

"நேத்தா முடிஞ்சுது?"

"அப்படித்தான் சொன்னாரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை. மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளின் எழுத்தைச் சரிபார்ப்பது அவள் வேலை. தேதியில் ஓர் எண் இடம் மாறியிருந்தால்கூட அவள் கண்ணுக்கு உறுத்தும். அந்த அத்தியாயம் இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து அவளே படித்திருக்கிறாள். பஸ் ஓட்டுகிறவள் வாசலுக்குப் போகிறாள். அங்கே புல் முளைத்த ஒரு மேடு. அவ்வளவுதான். படித்துவிட்டு அவள் மூக்கை உறிஞ்சியபோது அக்கா, "பின்ன என்ன? நாப்பது வருஷம் எந்த நரி உயிரோட இருக்கும்? குழந்தைங்ககிட்ட பொய் சொல்லக்கூடாதுடி" என்றாள்.

முடிந்துபோன ஒன்று நேற்று எப்படி மறுபடி முடியும்?

யோசிக்க யோசிக்க நேற்றைய நாள் முழுவதும் வேறு மாதிரி தெரிந்தது. மத்தியானம் அவள் வந்தபோது மாமா மடிக்கணினியைச் சட்டென்று மூடினார். "தூங்கறா, எழுப்பாத" என்று அறை வாசலிலேயே மறித்தார். அக்காவின் கண் திறந்திருந்ததை அவள் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பேசக்கூட விடவில்லை. அதுதான் கடைசி.

அவள் உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

தாழ்ப்பாள் விலகியது. மாமா சட்டைகூட மாற்றவில்லை. பீரோவைக் கை காட்டிவிட்டுத் திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நகருங்க மாமா."

"அப்புறம் பாக்கலாம்மா."

"நகருங்கன்னேன்."

அவர் நகர்ந்தார். திரையில் பாதி வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. *நரி எழுந்து நின்றது. கால் மரத்துப்போயிருந்தது. "லேட்டாயிடுச்சு" என்றது.*

அவள் அந்த வரியை இரண்டாம் முறை படித்தாள்.

"நரி செத்துடுச்சு, மாமா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? அக்கா உடம்பு இன்னும் கூடத்துலதான் கிடக்கு. அதுக்குள்ள அவ எழுதினத அழிச்சுட்டீங்களா?"

"அழிக்கல. அது அப்படியேதான் இருக்கு. இது வேற." அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பழுதான லிஃப்டைப் பற்றி வீட்டுக்காரரிடம் விளக்குகிற அதே குரலில் சொன்னார். "போன வாரம், முடிவ ஒருதரம் படிச்சுக் காட்டுன்னா. படிச்சேன். அந்த மேடு வர்ற எடத்துக்கு வந்துட்டேன். அவ மூச்சு வாங்கிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு வாய் வரல. வாய்க்கு வந்தத படிச்சேன். எழுதியிருக்கிற மாதிரியே."

"என்னன்னு?"

"நரி இருந்துச்சுன்னு."

"அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த நாளும் படிக்கச் சொன்னா. முந்தின நாள் என்ன சொன்னேன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டுப் படிச்சேன். தெனமும் கேட்டா. நேத்து நீ வந்தப்பகூட அதான். நடுவுல விட்டா மறந்துடுவேன்னு பயம். நீ உள்ள வந்து திரையப் பாத்தா மாட்டிக்குவேன்னும் பயம்."

அவள் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து படிச்சு முடிச்சதும், 'இத அப்படியே அனுப்பிடு'ன்னா."

"எத?"

"அதான் தெரியல."

"அவ எழுதினவ, மாமா. ஒரு வார்த்தை மாறினாக் கண்டுபிடிச்சிருப்பா."

"கண்டுபிடிச்சிருப்பான்னுதான் நானும் நெனைக்கிறேன். ஒருவேளை தூக்க மாத்திரைல ஒண்ணும் காதுல விழலையோ என்னவோ. கேட்டிருக்கணும். கேக்கல. பதிப்பகத்துக்கு மட்டும் போன் பண்ணி முடிஞ்சுதுன்னுட்டேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "காலைலேர்ந்து படிச்சத எழுதிப் பாக்கறேன். சொன்னப்ப நல்லா இருந்துச்சு. எழுதினா நாலு வரிக்கு மேல வரல. இப்ப எழுதலன்னா, அவள அனுப்பிட்டு வந்தப்புறம் எனக்கு மறந்தே போயிடும்."

பொய் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அந்த முகத்தில் நான்கு நாள் தாடி மட்டும் இருந்தது. அக்கா சொன்னதாகச் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்துக்குச் சாட்சி அவர் மட்டும்தான். நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் சரிசமமாக இடம் இருந்தது.

பீரோவைத் திறந்தாள். அக்காவின் நீல நிற உடுப்பை எடுத்து, வெளியே காத்திருந்த பெண்ணிடம் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தாள். பதிப்பாசிரியர் அங்கிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

"ரெண்டையும் அனுப்பப் போறீங்களா?"

"நீ சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதாதீங்க. அவளுக்குச் சொன்ன மாதிரி சொல்லுங்க. நான் தட்டறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் வரியில் இரண்டு தரம் தடுமாறினார். அப்புறம் குரல் தாழ்ந்து, ஒருவரை எழுப்பாமல் பேசுகிற குரலாக மாறியது. அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ கதவைத் தட்டி, "நேரமாச்சு" என்றார்கள்.

மாமா பேச்சை நிறுத்தினார். அவள் திரும்பாமலே, "மேல சொல்லுங்க" என்றாள்.

தட்டியவர்கள் இன்னொரு முறை தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில், தெருவில் வண்டியின் இன்ஜினை யாரோ அணைத்தார்கள்.