எம்.பி. ஜீவானந்தத்தின் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது கதையாகத் தொடங்கியதல்ல. வக்கீல் ஜீவானந்தம் எம்.பி. ஆகி இரண்டு வருஷம் நிறைந்ததற்கு விழா. விழாவுக்கு ஒரு மலர், மலருக்கு ஒரு பக்கத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். "நல்லதா மட்டும் எழுதுங்க" என்றார்கள். சரி என்றேன்.

தொடக்கம் ஒன்று: 'ஏழை எளியோரின் வழக்கறிஞராகப் பணியைத் தொடங்கி, இன்று டெல்லியில்

அடித்துவிட்டேன். 'ஏழை எளியோர்' என்று எழுதியதும் செங்கமலம் வந்து நிற்கிறாள். அவளைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

2

விவரம் பின்வருமாறு.

செங்கமலத்துக்கு மண்ணூரில் ஒரு வீடு. வீட்டுக்கு முன்னால் கொழுந்தன் கன்னியப்பனின் நிலம். அதன் நடுவில் ஒரு பாதை. கன்னியப்பன் நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றபோது பாதையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டான். வழக்கு தோற்றால் அங்கே சுவர் எழும். வீடு இருக்கும், அதற்குப் போக வழி இருக்காது. அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் பேச்சிராஜ், பக்கத்துக் கார் கம்பெனியில் வேலை, கேட்டானாம்: "அப்பம் ஷிப்டு முடிஞ்சு வந்தா சுவரேறித்தான் குதிக்கணுமாக்கா? காலு ஒடிஞ்சா லைன்ல வேற ஆளப் போட்ருவாம்லா."

செங்கமலத்துக்காக வழக்கு போட்டவர் ஜீவானந்தம். 1999இல் எம்.பி. ஆனபின் அவர் கோர்ட்டுக்கு வரவில்லை. வழக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை வக்கீல் வராவிட்டால் தள்ளுபடி என்று நீதிபதி சொல்லிவிட்டார். வேறு வக்கீல் தயார். ஆனால் வக்காலத்தை மாற்ற, புதுத் தாளில் பழைய வக்கீல் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.*

(* கோர்ட்டே அனுமதிக்கலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். புது வக்கீல் ஜீவானந்தத்தின் பழைய ஜூனியர். சீனியர் அண்ணன் கையெழுத்தில்லாமல் அந்தத் தாளைத் தொடமாட்டார்.)

3

தொடக்கம் இரண்டு: 'மனுவோடு வரும் எவரையும் வெறுங்கையோடு அனுப்பாத

இது உண்மை. சிக்கலே அதனால்தான் வந்தது. போன மாசம் குன்றத்தூர் கல்யாண மண்டபத்தில் அவர் மனு வாங்கினார். செங்கமலம் வரிசையில் நின்று வக்காலத்துத் தாளை நீட்டினாள். அவர் தலை நிமிராமல் வாங்கி, மூலையில் 'பரிந்துரைக்கிறேன், ஆவன செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, உதவியாளரிடம் தள்ளிவிட்டார்.

வக்காலத்து கலெக்டர் ஆபீஸ் போனது. அங்கிருந்து தாலுகா ஆபீஸ் வந்தது. பதினாறாம் நாள் அவளுக்குப் பதில்: 'தங்கள் கோரிக்கை நீதிமன்றம் தொடர்பானது. தங்கள் வழக்கறிஞரை அணுகவும்.'

"இன்னா எய்திகீது?" என்றாள். படித்துக் காட்டினேன்.

"அந்த ஆளாண்டதானே குட்த்தேன்."

இதில் யாருமே தவறு செய்யவில்லை என்பதை மலரில் எப்படி எழுதுவது? எல்லாரும் ஆவன செய்திருக்கிறார்கள்.

4

இங்கே என் நாயகன்மேல் எனக்கே சந்தேகம். நிமிர்ந்து பார்த்திருந்தால் சரியான இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாரா? சோதிக்க நினைத்து (பிறந்த தேதியும் தேவைப்பட்டது) சனிக்கிழமை அவளோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். புதுத் தாள், புதுப் பேனா.

"எந்த கேஸும்மா?"

"வழி கேஸு, வக்கீலய்யா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சர்வே நம்பர் இருநூத்தி பதினொண்ணு. கிணத்து மேட்டுலேர்ந்து பன்னெண்டு அடி அகலம். கன்னியப்பன் கூண்டுல ஏறட்டும், மூணே கேள்வி. மூணாவதுல தண்ணி கேப்பான்."

"கேக்கத்தான் ஆளு இல்லியே."

பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார். "எல்லா கேஸ் கட்டையும் ஜூனியருங்களுக்குக் குடுத்துட்டேன். இது ஒண்ணுதாம்மா என் பேர்ல நிக்குது. டெல்லியில ரெண்டு வருஷத்துல எனக்குப் பேசக் குடுத்தது மூணு நிமிஷம். அதுல ஒரு நிமிஷம் மைக் வேலை செய்யல. இத நானே வந்து பேசறேன்."

"செவ்வாக்கெழம வருவியா?"

"செவ்வாய் சபை இருக்கு."

"அப்ப உன் ஆசைக்கு என் வூட்டு வழிய அடைச்சிகினு குந்திகீற."

அவர் பேனாவை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். உதவியாளர் என்னிடம் பிறந்த தேதியைச் சொன்னார்.

5

முடிவு அ: செவ்வாய்க்கிழமை கறுப்புக் கோட்டோடு அவரே வந்து நிற்கிறார். மூன்றாவது கேள்வியில் கன்னியப்பன் தண்ணீர் கேட்கிறான். (விழாக் குழுவுக்குப் பிடிக்கும். திங்கட்கிழமை விமான டிக்கெட்டை மேஜையில் பார்த்த எனக்கு எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: மனம் மாறி, கண் கலங்கக் கையெழுத்திடுகிறார். (கண் கலங்குவதை அடித்துவிட்டேன். கையெழுத்து போதும்.)

முடிவு இ: வரவும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பேச்சிராஜ் ஏணி விலை விசாரிக்

மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை செங்கமலத்துக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னாள்.

"மூணுலயும் அவரு இன்னா பண்றாருன்னே எய்திகினு கீற. நான் இன்னா பண்றேன்னு ஒண்ணுத்துலயும் காணமே."

வாழ்க்கைக் குறிப்பு அவருடையதல்லவா என்றேன். என்னிடம் இருந்த வக்காலத்துத் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

6

இன்று திங்கட்கிழமை. எம்.பி. வீட்டு கேட்டுக்கு வெளியே, காருக்குக் குறுக்கே, செங்கமலம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் வக்காலத்து. கேட்டுக்கு உள்ளே பெட்டியோடு ஜீவானந்தம். வேறு வாசல் அந்த வீட்டுக்குக் கிடையாது.

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "யம்மா, ஐயா ஏர்போர்ட் போவணும். வழி வுடு."

"கேஸு நடந்துகினு கீதுப்பா. தீர்ப்பு வரட்டும்."

நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பத்தரை. விமானம் பன்னிரண்டே காலுக்கு. ஜீவானந்தம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவுகிறார். பேனாவைத் தேடுகிறாரா, போலீஸுக்குப் போன் பண்ண செல்போனைத் தேடுகிறாரா என்பது இங்கிருந்து தெரியவில்லை.

அடுத்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கட்டும்.