வெறும் அடைப்புக்குறி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால், அவருடைய பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பேப்பரில் வரும் மரண அறிவித்தலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, கனடா, லண்டன், சுவிஸ் என்று எழுதாமல் விடமாட்டார்கள். இந்த அறிவித்தல்களை எல்லாம் சேர்த்து, நம் சனம் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறது என்று ஒரு வரைபடம் செய்யவேண்டும் என்பது றஜனியின் ஆசை.

றஜனி பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். தமிழையும் வரலாற்றையும் கம்பியூட்டரையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பிக்க ஒரு பாடநெறி வேண்டும் என்று பீடக் கூட்டங்களில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவள். எண்ணிம மனிதப்பண்பியல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் தேத்தண்ணி குடிக்க எழும்பிவிட்டார்கள். போகட்டும்! கடைசியில் ஓர் அறை கிடைத்தது, யாரோ கழித்துவிட்ட கம்பியூட்டர்கள் கிடைத்தன, கணினித் துறையிலிருந்து இளம் விரிவுரையாளன் ஜொனதனும் கிடைத்தான். மாணவர்கள் வீடு வீடாகப் போய் அறிவித்தல்களைப் படம் பிடித்து வந்தார்கள்.

றஜனியின் அண்ணன் றஞ்சித் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவன். செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆளில்லை, கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை. அப்பா தேவராசா இறந்தபோது அவருடைய அறிவித்தலை எழுத இவள்தான் உட்கார்ந்தாள். றஞ்சித் என்று எழுதி அடைப்புக்குறியைத் திறந்ததும் பேனை நின்றுவிட்டது.

"உள்ளுக்கை ஒண்டும் போடாதை" என்றார் அம்மா அற்புதராணி. "எங்கை இருந்தவன் எண்டு அவன் வந்து சொல்லட்டும்."

பேப்பர்க்காரர் பிழை என்று நினைத்துத் தொலைபேசியில் கேட்டார். அம்மா அசையவில்லை. வெறும் அடைப்புக்குறியோடுதான் அது அச்சானது. மாணவர்கள் கொண்டுவந்த அறிவித்தல்களில் பார்த்தால், இடம் போடாத பெயர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருந்தன.

அந்த வெற்றிடம் மென்பொருளுக்குப் பிடிக்கவில்லை. இடமில்லாத பெயர்களுக்கெல்லாம் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூச்சியம் என்று எடுத்து, ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. றஜனி கொதித்துப் போனாள்.

"என்ன ஜொனதன் செய்து வைச்சிருக்கிறீர்? இவ்வளவு பேரையும் கடலுக்கை தள்ளியிருக்கிறீர்!"

"ஐயோ அக்கா, நான் எங்கை தள்ளினனான்? அது தானாப் போனது. பொறுங்கோ, கண்காட்சிக்கு முதல் திருத்திவிடுறன்."

திருத்தினான், நல்ல பிள்ளை. கண்காட்சி அன்று காலை றஜனி வரைபடத்தில் தங்கள் ஊரான உடுவிலைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர்களுடைய வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சொடுக்கினாள். றஞ்சித் தேவராசா, உடுவில் என்று வந்தது. இடம் எழுதாவிட்டால் ஆள் சொந்த வீட்டில்தான் இருப்பான் என்று ஜொனதன் மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

இது பிழை. பாடநெறிக்கு அனுமதி தரும் குழு இதைப் பார்க்க வருகிறது. ஆராய்ச்சியில் இல்லாததை இருக்கிறது என்று காட்டக்கூடாது என்று முதலாம் வருடத்துக்கே படிப்பிக்கிறவள் இவள். எல்லாம் தெரியும். ஆனால் அண்ணை வீட்டில் நிற்கிறார்! இத்தனை வருடமாக எந்த அலுவலகமும் எந்த விசாரணையும் தராத ஒன்றை இந்தப் பழைய கம்பியூட்டர் தந்துவிட்டிருந்தது. ஆசை யாரை விட்டது? இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும் என்று கையை எடுத்துவிட்டாள்.

குழு வந்தது, தலையை ஆட்டியது, நல்ல முயற்சி என்றது, சிற்றுண்டி முடிந்ததும் போனது. அறிவித்தல் தந்த குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். பின்னேரம் அம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். மதுஷா என்ற மாணவி ஆசையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "அன்ரி, உங்கடை வீட்டைக் காட்டுறன்" என்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் புள்ளியைச் சொடுக்கினாள். றஜனி பாய்ந்து போவதற்குள் அம்மா வாசித்துவிட்டார்.

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை றஜனி கண்டு எவ்வளவு காலம்! அவர் மகளின் கையை எட்டிப் பிடித்தார்.

"பிள்ளை, இது ஆர் சொன்னது? ஆரும் கண்டவையோ?"

பாவி, என்ன வேலை செய்துவிட்டேன் என்று றஜனி தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இல்லை அம்மா. ஒருத்தரும் காணேல்லை. இடம் இல்லாட்டி வீட்டிலை போடச் சொல்லி மிசினுக்குச் சொல்லிக் கிடக்கு. நான் காலமையே கண்டனான். எடுக்க மனம் வரேல்லை."

அம்மா கையை விட்டார். புள்ளியை இன்னொருதரம் பார்த்தார்.

"பிழையெண்டா எடுக்கத்தானே வேணும்" என்றார். "ஆனா இப்ப எடாதை. நான் வீட்டை போய்ச் சேர்ந்தாப்பிறகு எடு. அதுவரைக்கும் அவன் அங்கை நிக்கட்டும்."

ஓட்டோ போனது. மாணவர்கள் கதிரைகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். றஜனி அந்தப் புள்ளிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அடித்தது.

"வந்திட்டன் பிள்ளை" என்றார் அம்மா. மூச்சு வாங்கியது. "அறையளெல்லாம் பாத்திட்டன். கிணத்தடியும் பாத்திட்டன். இனி நீ எடு."

இடமில்லாத மற்றப் பெயர்களை அவள் பிறகுதான் எடுத்தாள். முதலில் அண்ணனை எடுத்தாள்.