மூப்பர் கொடுக்கும் கை

சனிக்கிழமை மத்தியானம், வெங்காயம் பிரிக்கும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாமெர்ட் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு அந்த ஆளுக்கு நீ கை கொடுத்தா, மாப்ளே, அதோட நான் நம்ம சபை வாசப்படி மிதிக்கமாட்டேன். என் வீட்டு ஆளுங்களும் மிதிக்கமாட்டாங்க."

அவர் கை நிற்கவில்லை. அழுகினதைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டே பேசினார். லாமெர்ட் என் மனைவி ஹில்யாவின் அண்ணன். நாங்கள் ஹாலந்திலிருந்து கப்பலில் வந்து ஒன்டாரியோவில் இறங்கியபோது இந்தக் கறுப்பு மண்ணில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். கடலுக்கு இந்தப் பக்கம் ஹில்யாவுக்கு இருக்கும் ஒரே கூடப்பிறப்பு. எங்கள் ஜனத்தில் ஒருவர் சபையை விட்டுப் போனால் போனதுதான். ஞாயிறு காப்பிக்கு வரமாட்டார். பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

சண்டை இதுதான். போன வருஷம் எங்கள் சபைகளின் பொதுப்பேரவையான சினாடு கூடி, ஸ்காட்லாந்துக்காரர் வழிவந்த ஒரு பிரஸ்பிடேரியன் சபையைச் சகோதர சபை என்று ஏற்றுக்கொண்டது. எங்களைப் போல் அவர்களும் சீர்திருத்த விசுவாசம் உள்ளவர்கள்தான். ஆனால் எங்கள் திருவிருந்து மேசையில் வெளியூர்க்காரர் உட்கார வேண்டுமானால், அவருடைய மூப்பர்கள் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதம் கொண்டுவர வேண்டும். அவர்கள் அதைக் கேட்பதில்லை. தகுதியில்லாமல் வராதே என்று பீடத்திலிருந்து எச்சரித்துவிட்டு, வருகிறவனின் மனசாட்சிக்கு விட்டுவிடுவார்கள். இது தெரிந்தும் சினாடு ஏற்றுக்கொண்டது. சபையில் பாதிப் பேருக்கு அது தொண்டையில் முள். அந்தப் பிரஸ்பிடேரியன் போதகர் ஒருவர்தான் மறுநாள் எங்கள் பீடத்தில் பிரசங்கிக்க வருகிறார்.

"எச்சரிக்கையாம்," என்றார் லாமெர்ட். "நாய் ஜாக்கிரதைன்னு போர்டு மாட்டிட்டு நாயே வளக்காதவன் மாதிரி."

"சினாடு அதையும் பேசித்தான் முடிவெடுத்திருக்கு மச்சான்."

"நீ எழுத்துக் கூட்டவே முப்பது வயசுக்கு மேலதான் கத்துக்கிட்ட. சினாடு அறிக்கை முழுக்கப் படிச்சிட்டியாக்கும்?"

"ஒரு குளிர்காலம் பூரா படிச்சேன்."

"படிச்சுமா கை கொடுக்கப்போற?"

"படிச்சுதான்."

அவர் இன்னொரு அழுகலை வாளியில் போட்டார். பெல்ட் ஓடியது.

வீட்டில் ஹில்யாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் போனா நான் அழுவேன்," என்றாள். "நீங்க கை கொடுக்கலன்னா உங்க மூஞ்சியைப் பாக்க முடியாது. ரெண்டையும் சொல்லிட்டேன்."

கை என்பது எங்களிடம் சும்மா மரியாதை இல்லை. ஆராதனை தொடங்கும்போது அன்றைய முறை மூப்பர், பீடத்தின் படியடியில் போதகருக்குக் கை கொடுப்பார். 'உங்களைப் பேசச் சொல்வது நாங்கள்' என்று அர்த்தம். முடிந்ததும் மறுபடி கொடுப்பார். 'கேட்டோம், பிழையில்லை' என்று அர்த்தம். இரண்டாவது கை கொடுக்கப்படாமல் போன பிரசங்கத்தைப் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

மூப்பர்களில் அந்த ஞாயிறு என் முறை. வந்தவர் போதகர் மெக்ரே. உயரமான மனுஷர், கைப்பிடி தேய்ந்த பை. மூப்பர் அறையில் ஜெபம் முடிந்ததும் வரிசையாக உள்ளே போனோம். நான் படியடியில் நின்று கையை நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேரே படியேறிவிட்டார்.

யாரும் அவரிடம் சொல்லவில்லை. செயலாளர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றை யாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை. என் முதுகு சபைப்பக்கம் இருந்தது. நீட்டின கை என் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

மூப்பர் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது வரிசையில் லாமெர்ட் முகமெல்லாம் வெளிச்சம். என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டிவிட்டு, பிரசங்கத்தின்போது சப்புகிற பெப்பர்மின்ட்டை அதற்கு முன்பே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் கையே நீட்டவில்லை என்று நினைத்துவிட்டார். அவர் மட்டுமில்லை. பெஞ்சுக்குப் பெஞ்சு தலைகள் திரும்பின. ஹில்யா குனிந்து சங்கீதப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முடிந்ததும் தாமதமாக எழுந்தால் போதும். லாமெர்ட் எங்களோடேயே இருப்பார்.

பிரசங்கம் யோர்தான் ஆற்றில் முழுகிக் குஷ்டம் நீங்கின நாகமானைப் பற்றி. பெல்ட்டில் வெங்காயம் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். அது என் வேலை. கொஞ்சம் நீட்டினார், ஒரு கதையை இரண்டு தரம் சொன்னார். அழுகல் ஒன்றுமில்லை. வாளி காலியாகவே இருந்தது. அதன்பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

ஆசீர்வாதம் முடிந்தது. நான் எழுந்து படியடிக்குப் போவதற்குள் மெக்ரே இறங்கி, நடுப்பாதை வழியாக வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர்கள் வழக்கம் அது. வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார்களாம். எங்களிடம் போதகர் மூப்பர் அறைக்குத்தான் திரும்புவார், அதுவரை பெஞ்சைவிட்டு ஒருவரும் அசையமாட்டார்கள். ஆகவே ஒருவரும் அசையவில்லை. அவர் வாசலில் தனியாக நின்றார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

நான் நடந்தேன். என் ஞாயிற்றுக்கிழமை ஷூ இவ்வளவு சத்தம் போடும் என்று அன்றுதான் தெரிந்தது. லாமெர்ட்டின் பெஞ்சைத் தாண்டும்போது, "ரூல்ஃப்," என்றார் மெதுவாக. மாப்ளே என்று சொல்லவில்லை. நான் நிற்கவில்லை.

வாசலில் கையை நீட்டினேன். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "காலையிலயே இந்தக் கை நீட்டினேன் ஐயா, நீங்க கவனிக்கல. அதுக்கும் சேத்து இது. மூப்பர்கள் சார்பா."

"அடடா," என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் கை வெங்காய வாசனை உங்களுக்கும் ஒட்டிக்கும்," என்றேன். "எங்க சபையில பாதிப்பேர் பன்னி வளக்கறவங்க," என்றார்.

பிறகு பெஞ்சுகள் எழுந்தன. சிலர் கை கொடுத்தார்கள், சிலர் பக்கவாசலில் நழுவினார்கள். லாமெர்ட்டும் பக்கவாசலில் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராக வந்தார், சங்கீதப் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி.

"உங்களுக்குக் கை தரமாட்டேன்," என்றார். "ஒரு கேள்வி இருக்கு. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் உங்க மேசைக்கு வந்தா, யார் எவர்னு கேக்க மாட்டீங்களா?"

"எங்க மூப்பர் வாசல்லயே கேப்பார்."

"கடிதம்?"

"கேக்கறதில்ல. வார்த்தையை நம்புவோம்."

"வார்த்தையை," என்றார் லாமெர்ட், ஏதோ கெட்டுப்போனதை முகர்ந்த மாதிரி. "இது வாசல்ல முடியற பேச்சில்ல. எங்க காப்பி குடிக்கறீங்க?"

"ரூல்ஃப் வீட்டுல," என்றார் மெக்ரே.

லாமெர்ட் என்னைப் பார்த்தார். பிறகு ஹில்யாவிடம், "கேக் எல்லாருக்கும் இருக்குமா?" என்றார்.

"உனக்கு எப்பவும் இருக்கும் அண்ணே," என்றாள்.

மூன்று கோப்பை காப்பி தீரும்வரை இரண்டு பேரும் விடவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. கிளம்பும்போதும் லாமெர்ட் அவருக்குக் கை கொடுக்கவில்லை, கோட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பெல்ட்டில் எனக்கு எதிரே வந்து நின்றார்.

"அடுத்த சினாடுக்கு மனு போடப்போறேன். இந்த முடிவு தப்புன்னு, காரண காரியத்தோட."

"போடுங்க. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

"நீயும் தப்புன்னு அதுல எழுதுவேன்."

"எழுதுங்க. ஆனா மனு போடணும்னா சபையில மெம்பரா இருக்கணும் மச்சான்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். "அதுக்காகத்தான் இருக்கேன். வாயைப் பாக்காம வெங்காயத்தைப் பாரு, மாப்ளே."

அடுத்த சினாடுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.